ஊறுதா

நர்ஸம்மா குழந்தையின் வயிற்றைத் தொட்டாள். தோலை லேசாகக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். துணியை விலக்கிப் பார்த்துப் பழையபடி மூடினாள்.

"காலையிலேர்ந்து எத்தனை தடவை போச்சு?"

"அதை யார் எண்ணினா?" என்றாள் கொத்தனாரின் அக்கா. தம்பி மனைவியின் பிரசவத்துக்காக வந்து தங்கியிருப்பவள். "துணி தோய்க்கிறவ எண்ணிக்கிட்டா இருப்பா? கொடியைப் பாருங்க, தெரியும்."

நர்ஸம்மா கொடியைப் பார்த்தாள். கொல்லையில் சின்னத் துணிகள் இடைவெளி இல்லாமல் தொங்கின. மழை விட்டும் விடாமலும் இருந்த காலம். ஒன்றும் காய்ந்திருக்கவில்லை.

"பால் ஊறலையா இன்னும்?"

அக்கா கையிலிருந்த துணியை மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். வாசற்படியில் நின்ற கொத்தனார் சட்டைப்பையைத் தடவினார். பையில் ஒன்றும் இல்லை. பீடியை அவர் விட்டுவிட்டிருந்தார். கை மட்டும் இன்னும் அங்கே போய்க்கொண்டிருந்தது.

நர்ஸம்மா இந்தப் பக்கத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவள். மூவரின் முகத்தையும் பார்த்தாள். "என்ன, கேட்டதுக்குப் பதிலே காணோம்?"

"வரல" என்றாள் கட்டிலில் இருந்தவள்.

"பிள்ளையை வாயில வைக்கிறியா?"

"வைக்கிறேன். இழுத்து இழுத்துப் பாத்துட்டு அழுவுது."

"அழுவட்டும். வச்சுக்கிட்டே இரு. அது இழுக்க இழுக்கத்தான் ஊறும். உன் மார்ல ஒரு குறையும் இல்ல. ஊறும்போது உனக்கே தெரியும். தோள்லேர்ந்து கீழ வரைக்கும் எறும்பு ஊறுற மாதிரி இருக்கும்."

அவள் சுவரைப் பார்த்தாள்.

"அதுவரைக்கும் எதைக் குடுக்கறீங்க?"

"பவுடர்தான்" என்றாள் அக்கா. "என் கையாலதான் கலக்கறேன். நல்லாக் கொதிக்க வச்சு."

"எந்தத் தண்ணி?"

"ஆ?"

அக்காவுக்குக் காது மந்தம். தன்னைப் பற்றிப் பேசினால் மட்டும் பக்கத்து அறையிலிருந்தும் கேட்டுவிடும். நர்ஸம்மா குரலை உயர்த்தினாள். "எந்தத் தண்ணில கலக்கறீங்க?"

"வீட்டுத் தண்ணிதான். கீழ்த்தொட்டித் தண்ணி. தெருக் குழாய்தான் ரோடு வெட்டினதுலேர்ந்து வரதே இல்லையே. லாரி வந்து ரொப்பிட்டுப் போறான்."

நர்ஸம்மா சமையலறைக்குப் போய் வாளியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டாள். முகர்ந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டம்ளரைக் கொத்தனாரிடம் நீட்டினாள்.

"நீங்க கட்டினதுதானே தொட்டி?"

"ஆமா."

"மோந்து பாருங்க."

அவர் முகரவில்லை. டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டார்.

"லாரித் தண்ணி இப்படி இருக்காது. வெளியிலேர்ந்து உள்ள ஊறுது. பக்கத்துல சாக்கடை போகுது பாருங்க. கொதிக்க வச்சா கிருமிதான் சாகும், அழுக்கு எங்க போகும்? ஆஸ்பத்திரியில ஒரு குடம் பிடிச்சுக்குங்க. ரெண்டு நாளைக்கு வரும். இந்த உப்புத்தூளையும் கரைச்சு ஸ்பூன்ல குடுங்க. நாளைக்குச் சாயங்காலமும் நிக்கலேன்னா யாரையும் கேக்க வேணாம், பிள்ளையைத் தூக்கிட்டு வந்துடுங்க. இந்த வயசுல தாங்காது." செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "கொத்தனார் வீட்டுல தொட்டி ஊறுதுன்னா வெளியில சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க."

அவள் நல்ல மனுஷிதான். வெயில் வந்துபோனது போல, 'ஊறும்', 'ஊறுது' என்று அந்தச் சொல்லைப் பலமுறை சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகும் அது அறையில் இருந்தது.

*

அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் விலக்கி வைக்கவில்லை. தானாக நின்றுபோயிருந்தது. அரிசியைத் 'தண்ணில போட்டு வை' என்பார்கள். அழுக்குத் துணியை 'சோப்புல முக்கி வை' என்பார்கள். கழுத்தில் எறும்பைக் கண்டால் 'எறும்பு போகுது, தட்டு.' எலுமிச்சம்பழம் நறுக்கும்போது வாயில் நடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கொத்தனார் வேலைக்குப் போகிற இடத்தில், கட்டுவதற்கு முன் செங்கல்லை நீரில் போட்டாக வேண்டும். காய்ந்த கல் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும்; சுவர் பிடிக்காது. "கல்லைத் தண்ணில தள்ளுங்க" என்பார். "ஊறப் போடணுமாண்ணே?" என்று புது ஆட்கள் திருப்பிக் கேட்பார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

முன்பு அந்த வீட்டில் அதிகம் புழங்கிய சொல் அதுதான். தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி கட்டுவதில் அவர் பேர் வாங்கியவர். தொட்டி கட்டி முடித்து, நிரப்பி, சில நாள் நிறுத்தி, பிறகு இறைத்துவிட்டு ஆள் உள்ளே இறங்கிச் சுவர் சுவராகத் தடவிப் பார்ப்பான். மேலே மூடித் துவாரத்தருகே ஒருவர் இருப்பார். "ஊறுதா?" என்று மேலிருந்து கேட்க வேண்டும். "ஊறல" என்றோ "ஊறுது" என்றோ கீழிருந்து பதில் வர வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேள்வி சுவரைப் பற்றியது மட்டுமல்ல. உள்ளே மூச்சுக்குக் காற்று இல்லாத இடங்கள் உண்டு. 'உயிரோட இருக்கியா' என்று ஒரு மனிதனைக் கேட்க முடியாது. அதனால் இப்படி. பின்னால் எந்த வேலைக்கு இறங்கினாலும் அதையே கேட்டார்கள். பலகை பிரிக்க இறங்கினாலும், மண் அள்ள இறங்கினாலும், ஊறுதா, ஊறல.

அவருக்குக் கீழே இறங்கும் ஆள் அவர் மனைவியின் தம்பி. ஓயாமல் பேசுவான். அதனால் எல்லோரும் 'ஊமை' என்று கூப்பிட்டார்கள்.

"ஊறுதா மாப்ள?"

"வாய் ஊறுது மாமா. அக்கா என்ன சமையல்?"

சில சமயம் பதிலே சொல்ல மாட்டான். மேலே இருக்கிறவர்கள் பதறி எட்டிப் பார்த்தால் இருட்டிலிருந்து, "பயந்துட்டீங்களா?" என்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவன் அக்கா சாப்பிடக் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் அழத் தொடங்கினால்தான் வெளியே வருவான்.

ஒரு மாவு மில்லில் புதுத் தொட்டி. மேல்தளம் போட்டு, தாங்குப் பலகைகளைப் பிரிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூடிக் கிடந்த தொட்டிக்குள் பலகைகள் நனைந்து அழுகிப் போயின. மழை விட்ட காலை, பலகை பிரிக்க அவன் இறங்கினான். உள்ளே காற்று இல்லை. தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் முகம் சிரிப்பதற்கு முன்னால் இருப்பதுபோல் இருந்தது.

அன்று காலை கொத்தனாரின் மனைவி அவனுக்காகப் பயறு ஊற வைத்திருந்தாள். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், ஒரு நாள் சமையலறைக்குள் நுழைந்தபோது அது முளைவிட்டு, மேலே மூடிய தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு கொத்தனார் தொட்டி வேலைக்குப் போகவில்லை. பூச்சு வேலைக்கும் சில்லறைச் சுவர் வேலைக்கும் போனார். அன்று என்ன நடந்தது என்று அவள் கேட்டதில்லை. "இறங்கினான், காத்து இல்ல" என்று அவர் வந்தவர்களிடமெல்லாம் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்தது. கேட்காமலிருக்க அது ஒரு காரணமாக இருந்தது.

*

தொட்டி சமையலறைத் தரைக்கடியில் இருந்தது. அம்மிக்குப் பக்கத்தில் சதுரமாக ஒரு இரும்பு மூடி, நடுவில் வளையம். கொத்தனார் குந்தி உட்கார்ந்து வளையத்துக்குக் கீழே காதை வைத்தார்.

டொக்.

வெகுநேரம் கழித்து மறுபடியும். டொக்.

"லாரி வந்து எத்தனை நாளாச்சு?" என்றார்.

"போன வாரம்" என்றாள் அக்கா. "ஆனா தண்ணி குறையவே இல்லடா. நான்கூட நெனச்சேன், இந்த லாரிக்காரன் நல்லவன், நெறைய ஊத்திட்டுப் போறான்னு."

அவர் கட்டிலில் இருந்தவளைப் பார்த்தார். "சத்தம் எத்தனை நாளாக் கேக்குது?"

"எந்தச் சத்தம்?"

"நீதானே இந்த அடுப்படியிலயே கெடந்த. கேக்கலையா?"

"கவனிக்கல."

அவள் குழந்தையை எடுத்து மறுபடியும் மார்பில் வைத்தாள். அது உதடுகளால் தேடியது, பிடித்தது, விட்டது. அழுகையில் சத்தம் குறைந்திருந்தது. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

"வேற கொத்தனாரைக் கூப்பிடு" என்றாள் அக்கா.

"எவன் வருவான்?"

"ஊர்ல நீ ஒருத்தன்தான் கொத்தனாரா?"

"வந்தாலும் ஆளை இறக்குவான். என் வீட்டுல இன்னொருத்தனை நான் இறக்க மாட்டேன்."

"அப்ப நீ இறங்கு. மேல நான் உக்காந்துக்கறேன்."

"கொஞ்சம் உப்பு எடு" என்றார் அவர், சாதாரணக் குரலில்.

"ஆ? என்ன?"

"இதுக்குத்தான் சொல்றேன். நான் உள்ளேர்ந்து சொல்றது உனக்கு எப்படிக் கேக்கும்? நான் செத்து மூணு நாள் கழிச்சு 'ஆ' ம்ப."

அக்காவுக்கு இது நன்றாகக் கேட்டது. "நாக்குல சனி. பச்சப் புள்ளக்காரி முன்னாடி பேசுற பேச்சா இது?"

கட்டிலில் இருந்தவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "வேணாம்" என்றாள்.

"என்ன வேணாம்?"

"மூடியைத் தொறக்க வேணாம். நான் ஆஸ்பத்திரித் தண்ணியிலயே பாத்துக்கறேன்."

"அது ரெண்டு நாளைக்கு. அப்புறம்?"

குழந்தை அவள் தோளில் கக்கியது. வந்தது தண்ணீர்தான். அவள் அதை விரலால் தொட்டு, விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உக்காந்துக்கறேன் மேல" என்றாள்.

*

அன்று பகலெல்லாம் கொத்தனார் வாளியில் கயிறு கட்டித் தொட்டியை இறைத்தார். இறைத்ததைக் கொல்லை வழியாகத் தெருவில் ஊற்றினார். போகிறவர்கள் பார்த்துவிட்டு, "என்ன மேஸ்திரி, தெருவுக்கே குளிப்பாட்டுறீங்க?" என்றார்கள். தண்ணீர் கடைசியில் சாம்பல் நிறமாக வந்தது. மூடியைத் திறந்தபடி விட்டு, சுற்றிலும் பெஞ்சுகளைப் போட்டு மறித்தார். இரவு யாரும் சமையலறைக்குள் போகவில்லை.

காலையில் இலை அடர்ந்த கிளை ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, உள்ளிருந்த காற்றைக் கலக்கினார். பிறகு சின்ன விளக்கை ஏற்றி இறக்கினார். அது தரை தொட்டு, ஆடி, நின்று எரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிவது நிச்சயமான பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரமா வைப்பீங்க?" என்றாள் அவள்.

"வைக்கணும்."

"எப்பவும் வைப்பீங்களா?"

அவர் இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சிட்டார். மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டி, நடுப்பகுதியை அவள் கையில் கொடுத்தார். "தூக்கப் பாக்காதே. உன் உடம்பு தாங்காது. நான் பேசலேன்னா வாசலுக்கு ஓடிப் போய்க் கத்து. தெருவுல ஆள் இருக்கு."

அக்கா குழந்தையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஏதோ பாட்டு முனகுவது கேட்டது.

சிமெண்டுத்தூள் ஒரு சட்டியில், சலவைச் சோடா கலந்த சிமெண்டு இன்னொன்றில், கரண்டி, துணி. எல்லாவற்றையும் வாளியில் வைத்து இறக்கிவிட்டு, அவர் ஏணியில் கால் வைத்தார். தோள், கழுத்து, தலை. வழுக்கை விழத் தொடங்கிய உச்சி கடைசியாக உள்ளே போயிற்று.

அவள் மூடித் துவாரத்தருகே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். தையல் போட்ட இடம் வலித்தது. கீழே விளக்கு வெளிச்சத்தில் ஒரு தோளும் ஒரு கையும் தெரிந்தன. பின் அவையும் மூலைக்கு நகர்ந்தன.

கேட்க வேண்டும். அவள் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"ம்?" என்றார் அவர் கீழிருந்து. "கேளு."

"ஊறுதா?"

அந்தச் சொல்லை அவர் முன்னால் அவள் சொல்லி வெகு காலமாகியிருந்தது. தொட்டி அதை வாங்கி, கொஞ்சம் பெரிதாக்கித் திருப்பித் தந்தது.

"ஊறல" என்றது அவர் குரல். "இந்தச் சுவர் நல்லாருக்கு."

காய்ந்த சிமெண்டுத்தூளைச் சுவரில் கையால் அப்பி ஊதிக்கொண்டே போனார். ஈரம் இருக்கும் இடத்தில் தூள் கருத்துக் காட்டும். உள்ளே கால் இழுபடும் சத்தம் கேட்டது.

"ஊறுதா?"

"ஊறல."

"ஊறுதா?"

"இருடி, மூச்சு விட விடு. ஊறல."

அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வாசலில் குழந்தை சிணுங்கியது. அக்காவின் முனகல் உரத்தது.

"ஊறுதா?"

பதில் இல்லை.

"ஏங்க. ஊறுதா?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது. விளக்கு எரிந்தால் காற்று இருக்கிறது. அதுவும் தெரிந்தது. தெரிந்து பயனில்லை. அவள் கயிற்றை இழுத்தாள். கயிறு தளர்ந்து கொஞ்சம் மேலே வந்தது; எதுவும் திருப்பி இழுக்கவில்லை. வாசலுக்கு ஓடச் சொன்னார். அவள் ஓடவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலைத் துவாரத்துக்குள் விட்டாள்.

கொத்தனார் திரும்பியபோது மேலிருந்து வந்த வெளிச்சம் போயிருந்தது. அங்கே அவளுடைய பாதம் இருந்தது. அடுத்த படியைத் தேடிக்கொண்டிருந்தது.

"எங்க வர?" என்றார். "ஏய். அங்கேயே நில்லு."

"ஏன் பேசல?"

"சுவத்துல காது வச்சிருந்தேன். பேசினா சத்தம் கேக்காது. இதோ, இங்கதான். இந்த மூலையில..."

"ஏன் பேசல?"

"சொல்றேனே..."

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவள் ஏணியின் மேல்படிகளில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் தொங்கிக்கொண்டிருந்தாள். அவள் கால் நடுங்கியதில் ஏணி சுவரில் தட்டியது. அவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் முகம் மேலே, வெளிச்சத்தில் இருந்தது. அவருக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"நானும் ரெண்டு தடவை கூப்பிட்டேன்" என்றார். "அன்னிக்கு."

ஏணி தட்டுவது நின்றது.

"விளக்கு இறக்கணும்னு சொன்னேன். 'எனக்கு இருட்டுல கண்ணு தெரியும் மாமா'ன்னு குதிச்சுட்டான். ரெண்டு தடவை கூப்பிட்டேன். விளையாடுறான்னு நெனச்சேன். எப்பவும் பண்றதுதானே. 'இருடா ஊமைப் பயலே, நீ எவ்வளவு நேரம் தம் கட்டுறேன்னு பாக்கறேன்'னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன், அவனுக்குக் கேக்கட்டும்னு. சொல்லிட்டு பீடி பத்த வச்சேன்."

மேலே ஈயின் சத்தம் கேட்டது.

"முழுசா குடிச்சீங்களா?" என்றாள்.

"முழுசா."

அவள் ஏணியின் படியில் நெற்றியை வைத்தாள். அவர் கைகள் ஏணியின் காலை இறுகப் பிடித்திருந்தன. விரல் இடுக்கெல்லாம் சிமெண்டு. மூலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "மாசமா இருக்கும்போதே தெரியும்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க வேலைக்குப் போனதும் நான் அம்மிகிட்ட உக்காந்துக்குவேன். வளையத்துகிட்ட வாயை வச்சு, ஊறுதான்னு கேப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சு அது டொக்குங்கும்." அவள் குரல் உள்ளே வரவில்லை; மேலே, அடுப்பைப் பார்த்துப் பேசுவதுபோல் இருந்தது. "சில நாள் சீக்கிரம் பதில் வரும். சில நாள் வெகுநேரம் காக்க வைப்பான். அவன் எப்பவும் அப்படித்தானே. சொன்னா நீங்க வந்து அடைச்சுடுவீங்க."

அவர் சொட்டு விழுந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

"புள்ள வயித்துக்குப் போறது அந்தத் தண்ணின்னு எனக்குத் தோணவே இல்ல" என்றாள். "நேத்து அந்த நர்ஸு சொல்ற வரைக்கும்."

வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் உள்ள என்ன கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க? புள்ள அழுவுது."

"மேல போ" என்றார் அவர். "காலைப் பாத்து வை."

*

மூலையில், மேல்தளமும் சுவரும் சேரும் இடத்துக்கு ஒரு சாண் கீழே, தூள் நாக்கு வடிவில் கருத்திருந்தது. அவரே பூசிய சுவர். உளியால் அந்த இடத்தைக் குடைந்தார். உள்ளிருந்து தண்ணீர் ஒரு விரல் தடிமனுக்கு எழுந்து வழிந்தது. சாக்கடை வாடை அடித்தது. சோடாச் சிமெண்டைக் கையில் உருட்டிக் குழிக்குள் திணித்து, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். இறுகும் வரை கையை எடுக்கக் கூடாது. இறுகும்போது அது சூடாகும்.

"ஊறுதா?" என்றாள் மேலிருந்து.

"இரு."

அவள் இருந்தாள்.

"ஊறுதா?"

"கைக்குள்ள இன்னும் வருது. சூடாகுது. இரு."

"ஊறுதா?"

கீழே அவர் கையை மெல்ல எடுத்துப் பார்த்தார். காய்ந்த தூளை எடுத்து மேலே அப்பினார். காத்திருந்தார். தூள் வெளுப்பாகவே இருந்தது.

"ஊறல" என்றார்.

ஏறி வந்து, கயிற்றை அவிழ்த்து, துவாரத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவள் அந்தப் பக்கம் இருந்தாள். நடுவில் சதுரமான இருட்டு. விளக்கைக் கீழேயே விட்டிருந்தார். அது எண்ணெய் தீர்ந்து அணையும் நேரம்.

"மூடிடலாமா?"

"இருங்க."

அவள் குனிந்தாள். இரண்டு கைகளையும் விளிம்பில் ஊன்றி, முகத்தைத் துவாரத்துக்குள் நீட்டினாள். மெல்லிய குரலில், சாப்பிடக் கூப்பிடுவதுபோல் கேட்டாள்.

"ஊறுதா?"

தொட்டி அவள் குரலைத் திருப்பித் தந்தது. பிறகு அதுவும் அடங்கியது. அவர் கை சட்டைப்பைக்குப் போகவில்லை. தொடைமேல் இருந்தது. இருவரும் காத்திருந்தார்கள். சில நாள் அவன் வெகுநேரம் காக்க வைப்பான். அவ்வளவு நேரமும் காத்தார்கள். அதற்கு மேலும் காத்தார்கள். விளக்கு ஒருமுறை எழும்பி அணைந்தது.

அவள் நிமிர்ந்து, மூடியின் தன் பக்கத்து ஓரத்தைப் பிடித்தாள். அவர் தன் பக்கத்தைப் பிடித்தார்.

*

சாயங்காலம் லாரிக்காரனிடம் சொல்லிவைத்துவிட்டுக் கொத்தனார் திரும்பினார். ஆஸ்பத்திரிக் குடத்தில் பாதி இருந்தது. அக்கா அதை மூடித் துணி கட்டிவைத்திருந்தாள்.

"மத்தியானத்துக்கப்புறம் ஒரு தடவைதான் போச்சு" என்றாள். "அதுவும் கொஞ்சம்தான். எண்ணலேன்னு சொல்லாதே, எண்ணினேன்."

உள்ளறைக்குப் புடவைத் திரை போட்டிருந்தது. திரைக்கு அப்பால் குழந்தையின் சத்தம் இல்லை.

"ஏய்" என்று கூப்பிட்டார்.

பதில் இல்லை.

இன்னொரு முறை கூப்பிடவில்லை. ஈரச் செருப்போடு போய்த் திரையை விலக்கினார்.

அவள் சுவரோரம் குழந்தையை அணைத்து உட்கார்ந்திருந்தாள். அதன் தாடை அசைந்துகொண்டிருந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, தரைக்கடியில் எதையோ கேட்கிறவள்போல் இருந்தாள். கண்கள் வழிந்துகொண்டிருந்தன. அவள் துடைக்கவில்லை.

"என்ன?" என்றார். "என்ன செய்யுது?"

"தெரியல."

"வலிக்குதா?"

அவள் தோளைத் தொட்டாள். தோளிலிருந்து விரலைக் கீழே கொண்டுவந்தாள்.

"எறும்பு ஊறுற மாதிரி இருக்கு" என்றாள்.